செருப்பில்லாமல் வந்த மாமா

போன சனிக்கிழமை ரெம்பாவ் பாசாரில் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, அக்காவுக்குக் கனவு ஏதும் வந்துச்சா? இன்னிக்கு நம்பர் நாள்லா..."

திரும்பினேன். முகம் தெரிந்தவர், பெயர் தெரியாது. கையில் கீரைக்கட்டு, முகத்தில் சிரிப்பு. கெட்ட மனிதர் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் லாட்டரி நம்பருக்குக் கனவு கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். மீனை அப்படியே தட்டில் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன். அன்று எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு.

வாராவாரம் இங்கே எழுதி வாயாடுகிற நான் நேரில் பேசமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடினால் அடுப்புப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். பேசாமல் விட்டதையெல்லாம் இங்கே கொட்டி ஆற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அக்கா கனவை மட்டும் இதுவரை எழுதவில்லை. பாசாரிலிருந்து வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன் — எழுதவா?

அக்கா சொன்னார். "எழுது பாப்பா. படிக்கிறவங்க யாராச்சும் அவரப் பாத்திருந்தா சொல்லட்டும்."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அக்காவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அக்கா பெயர் சரசு. எஸ்டேட்டில் இன்னும் மிச்சமிருக்கிற லயன் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். அவர் கணவரை, எங்கள் ராமையா மாமாவை, ஒரு வருஷத்துக்கு மேலாகக் காணவில்லை.

மாமா பால் மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு பழம் வெட்டினார். ஓய்வு பெற்ற பிறகு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் சாப்பிட்டதை மறந்தார். அப்புறம் என்னை மறந்தார். மறக்காதது ஒன்றே ஒன்றுதான் — பெரட்டு.

டவுனில் பிறந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன்னால் எஸ்டேட் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. மாமா இருட்டிலேயே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "சரசு, பெரட்டு முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். "இன்னிக்கு லீவுங்க" என்று அக்கா சொன்னால் திரும்பவும் படுத்துக்கொள்வார். தினமும் லீவு. தினமும் சந்தோஷம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் அக்கா அசந்து தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் மாமாவின் செருப்பும் இல்லை.

எஸ்டேட்டே திரண்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தார்கள். தமிழர், பங்களாதேஷ் பையன்கள் எல்லாரும் டார்ச்சோடு செம்பனைக்குள் இறங்கினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் குமார் லீவு போட்டு வந்தான். எல்லாரையும்விட அதிகமாக அலைந்தவர் லோரி மணியம் அண்ணன்.

ஒரு காலத்தில் எங்கள் எஸ்டேட் ரப்பர் பால் லோரியை ஓட்டியவர் அவர். லோரி எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. மாமா படத்தைப் பெரிதாக நோட்டீஸ் அடித்து, அக்காவின் போன் நம்பரைக் கீழே போட்டு, ரெம்பாவிலிருந்து சிரம்பான் வரைக்கும் தூண் தூணாக ஒட்டினார். வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மழையில்கூட.

குமார் திரும்பிப் போனான். வாரங்கள் போயின. மணியம் அண்ணன் மட்டும் விடவில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் கனவு வந்தது.

நீல நிற லோரி ஒன்று போகிறது. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்கிறார். அக்காவையே பார்க்கிறார், ஒன்றும் பேசவில்லை. காலில் செருப்பில்லை. அக்கா பின்னாலேயே ஓடுகிறார். லோரி வளைவில் திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான் கனவு.

அக்கா காலையில் குழாயடியில் அழுதுகொண்டே இதைச் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் லயன் முழுக்கப் பரவிவிட்டது. சாயந்திரம் நான் போனபோது வாசலில் கூட்டம். முன்னால் மணியம் அண்ணன்.

"லோரி நம்பரப் பாத்தீங்களாக்கா?"

"நம்பரெல்லாம் பாக்கல மணியம். காலத்தான் பாத்தேன். செருப்பு இல்ல. போட்டுக்கிட்டுத்தான போனாரு? எங்க விட்டாரு? அதுக்கு என்ன அர்த்தம்?"

"அது கெடக்கட்டும்க்கா. லோரி செவப்பா, நீலமா?"

"நீலம்."

மணியம் அண்ணன் முகம் மாறிப்போனது. "நீலம்னா அது என் லோரிலா."

அதன் நம்பர் அவருக்கு மறக்குமா? சொன்னார். ஆளாளுக்குப் போனில் குறித்துக்கொண்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு இது வினோதமாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. இந்தியாவில் ஊர்ப்பக்கம் கல்யாணக் கனவு கண்டால் கெட்டது, சாவுக் கனவு கண்டால் நல்லது, பல் விழுந்தால் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம் சொல்வார்களாம். எங்கள் எஸ்டேட்டில் அவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. எந்தக் கனவுக்கும் அர்த்தம் நாலு இலக்க லாட்டரி நம்பர்தான். பாம்புக்கு ஒரு நம்பர், யானைக்கு ஒரு நம்பர், வெள்ளத்துக்கு ஒரு நம்பர். டவுனில் நம்பர் கடையில் படம் போட்ட கனவுப் புத்தகமே தொங்கும். எழுத்துத் தெரியாதவரும் படத்தைத் தொட்டுக்காட்டி வாங்கலாம்.

இதிலே ஒரு விதி உண்டு. மனிதர் கனவில் வந்து கொடுக்கிற நம்பருக்குப் பரிசு அடித்தால், வந்தவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். செத்தவர்தான் நம்பர் கொடுப்பார். உயிரோடு இருப்பவருக்கு அந்தச் சக்தி கிடையாது. யார் போட்ட விதி? தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களில் அதைச் சந்தேகப்பட்டவரை நான் பார்த்ததில்லை. அக்காவும் சந்தேகப்படவில்லை.

அதுதான் பிரச்சினை.

நம்பர் நாளான அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். லயன் முழுக்க நம்பர் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. முனீஸ்வரர் கோயிலில் யாரோ சுருட்டு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இங்கே அக்கா சாமி படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கக் கூடாது சாமி... அடிக்கக் கூடாது."

அடிக்கவில்லை. அக்கா அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். "இருக்காருலா பாப்பா" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய சிரிப்பு.

ஆனால் நம்பர் எடுப்பவர்கள் அத்தனை சீக்கிரம் விடுவார்களா? கனவு பழுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வாரமும் எடுத்தார்கள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு நம்பர் நாளும் அக்கா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஒரு லயனுக்கு எதிராக ஒற்றை ஆளாக.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அடித்துவிட்டது.

முதல் பரிசெல்லாம் இல்லை, கீழே எங்கேயோ ஒரு சின்னப் பரிசு. ஆனால் அடித்தது அடித்ததுதானே! பழமும் புடவையுமாக வந்தார்கள். அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மணியம் அண்ணன் கடைசியாக வந்தார். அவர் சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என் லோரிலதான்க்கா ஏறிப் போயிருக்காரு. நாந்தான் ஏத்திட்டுப் போயிருக்கேன்."

அதோடு தேடுவது நின்றது.

யாரும் தீர்மானம் போட்டு நிறுத்தவில்லை. அதுபாட்டுக்கு நின்றுபோனது. செத்துப்போனவரை எங்கே போய்த் தேடுவது? மணியம் அண்ணன் இன்னொரு காரியமும் செய்தார். போனவர் படம் ரோட்டில் தொங்கக் கூடாது, வெயிலிலும் மழையிலும் கிடந்தால் ஆத்மாவுக்கு ஆகாது என்று, தான் ஒட்டிய நோட்டீஸை எல்லாம் தானே தேடிப் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தார். தூண் தூணாக. ஒட்டினபோது காட்டிய அதே அக்கறை.

பிறகு கருமாதிப் பேச்சு. உடம்பில்லாமல் எப்படி என்று பூசாரிகூடத் தயங்கினார். தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று யாரோ வழி சொன்னார்கள். நம்பர் அடித்தவர்கள் கூடாரம், நாற்காலி, சாப்பாடு எல்லாவற்றையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். குமார் வந்தான்.

"எத்தன நாளும்மா இப்படியே? நமக்கும் ஒரு முடிவு வேணும்லா" என்றான்.

அக்கா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்கப்பா செத்துட்டாருன்னு ஒனக்கு யாருடா சொன்னது? டாக்டரா, போலீசா?"

அவன் எழுந்து கூடாரம் போடுகிறவர்களோடு போய் நின்றுகொண்டான். என்ன சொல்லுவான்... நம்பர் கடை சொன்னது என்றா?

பொங்கல் முடிந்த வாரம் காரியம் நடந்தது. கூடாரத்தில் எல்லாரும் மாமாவைப் புகழ்ந்தார்கள். படத்துக்கு மாலை போட்டார்கள். அக்கா தாலியை மட்டும் கழற்றித் தரவில்லை. ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்தபடியே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். சரி, மெல்லக் கழற்றட்டும் என்று பெண்கள் விட்டுவிட்டார்கள்.

ஒருவர் கண்ட கனவுக்கு ஊர் அர்த்தம் சொன்னால் இப்படித்தான். கண்டவருக்கு அது ஒரு கேள்வி. கேட்டவர்களுக்கு அது ஒரு பதில். பதில் கிடைத்த பிறகு கேள்வியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அந்த மாதக் கடைசியில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. சிரம்பானிலிருந்து, ஒரு பெண் குரல். ரஹாங் பக்கம் ரோட்டோரமாக ஒட்டுக்கடை போட்டிருக்கிறாராம். பஸ் ஸ்டாப்பில் மாமா படத்தைப் பார்த்தாராம். இவர் மாதிரி ஒருவர் தன் கடைக்கு வந்துகொண்டிருந்தார் என்றார். மணியம் அண்ணன் பிரிக்க விட்டுப்போன ஒரே ஒரு நோட்டீஸ்.

அக்கா முதலில் மணியம் அண்ணனிடம்தான் போனார். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வேணாம்க்கா. காரியம் முடிஞ்சாச்சு. திரும்பவும் கூப்பிட்டா அவருக்குத்தான் கஷ்டம்."

நானும் அக்காவும் பஸ் பிடித்துப் போனோம்.

கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வடை போட்டுக்கொண்டிருந்தார். என் போனில் இருந்த மாமா படத்தைக் காட்டினேன். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவரு மாதிரிதான் இருந்தாரு. தாடி வளந்திருந்துச்சு. அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. பொங்கல் முடிஞ்சதிலேருந்து காலைல காலைல வருவாரு. தேத்தண்ணி குடுப்பேன். போன வாரம் வரைக்கும் வந்தாரு."

போன வாரம் வரைக்கும். அப்படியென்றால் நாங்கள் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அன்றும்...

அக்கா ஊர் பேர் கேட்கவில்லை, சட்டை நிறம் கேட்கவில்லை. "கால்ல செருப்பு இருந்துச்சாம்மா?" என்றார்.

"இல்லக்கா. வெறுங்காலுதான். பாத்துப் பாத்துப் பொறுக்க முடியாம எங்க வீட்டுக்காரரோட பழைய செருப்பக் கொண்டாந்து குடுத்தேன். கையில வாங்கிக்கிட்டாரு. போட்டாரான்னு பாக்கல, கடையில கூட்டம். மறுநாளு வரல."

கரண்டியால் வடையைத் திருப்பிவிட்டு அவரே மறுபடி பேசினார். "அதிகமாப் பேச மாட்டாருக்கா. வந்ததும் ஒண்ணுதான் கேப்பாரு. பெரட்டு முடிஞ்சிருச்சான்னு. தெனமும் அதான். பெரட்டுன்னா என்னக்கா?"

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி சிராய்க்கும் சத்தம் கேட்டது. அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலக்கா. முடிஞ்சிருச்சு தாத்தான்னுதான் சொன்னேன்."

எங்கள் அக்கா தினமும் 'லீவு' என்று சொன்ன இடத்தில், அந்த அம்மா 'முடிஞ்சிருச்சு' என்று சொல்லியிருக்கிறார். பெரட்டு முடிந்துவிட்டது என்றால் மாமா என்ன செய்வார்? பிந்திவிட்டோம் என்று பதறி வேலைக்காட்டைத் தேடி நடப்பார். அந்த அம்மா மேல் என்ன குற்றம்? தெரியாத வார்த்தைக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தார். செருப்பும் கொடுத்தார். எங்கள் ஊரில் அந்தக் கால்களைப் பற்றிக் கேட்க ஒரு ஆள்கூட இல்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கடைக்கு எதிரே இருந்த தூணைக் காட்டினார். "இந்தத் தூண்லயும் இதே பேப்பர் ஒட்டியிருந்துச்சுக்கா. பொங்கலுக்கு முன்னாடி ஒரு ஆளு மோட்டார்ல வந்து பிரிச்சிட்டுப் போனாரு. இருந்திருந்தா இவரு வந்த மொத நாளே கூப்பிட்டிருப்பேன்."

அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வளையல் பதிந்த இடம் ஊர் வரும் வரைக்கும் வலித்தது.

சிரம்பானில் தேடாத இடமில்லை. ஆஸ்பத்திரி, கோயில்கள், பஸ் நிலையம், ரயில் நிலையம். போலீசில் மறுபடி சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். தாடி வைத்த கிழவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. ஒவ்வொருவர் காலையும் அக்கா முதலில் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை.

மணியம் அண்ணனிடம் தூண் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று அக்கா என்னைத் தடுத்துவிட்டார். "தாங்க மாட்டாரு பாப்பா." பெரட்டு கேட்டதை மட்டும் சொன்னோம். அதுவே போதுமாக இருந்தது. அண்ணன் மோட்டார் சீட்டைத் தூக்கினார். அடியில் பிரித்த நோட்டீஸ்கள் சுருட்டியபடி இருந்தன — தூக்கிப்போட மனசு வரவில்லையாம். மறுநாளிலிருந்து திரும்பவும் ஒட்ட ஆரம்பித்தார்.

இப்போது எழுதிவிட்டேன். அண்ணன் இதைப் படிப்பார். அக்கா இப்போது சரி என்றுதான் சொன்னார். "தெரிஞ்சா அந்தத் தூண்ல மொதல்ல ஒட்டுவாரு" என்றார்.

மணியம் அண்ணன் இன்னும் நம்பர் எடுக்கிறார். நிறுத்தினால்தான் நல்லவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த லோரி நம்பரை மட்டும் எடுப்பதில்லை.

அக்கா படத்திலிருந்து மாலையைக் கழற்றிவிட்டார். ஆனால் காரியம் செய்த நாளிலிருந்து மாமா கனவில் வருவதே இல்லை. ஆத்மா சாந்தியாகிவிட்டது என்கிறார்கள் லயனில். அக்காவுக்கு வேறு பயம்.

"வாசல் வரைக்கும் வந்து மாலை போட்ட படத்தப் பாத்திருப்பாரோ? நம்மளத்தான் முடிச்சிட்டாங்களேன்னு திரும்பிப் போயிருப்பாரோ?"

இதற்கு நான் என்ன அர்த்தம் சொல்ல? வந்த கனவுக்கு அர்த்தம் சொல்ல ஊரே இருந்தது. வராத கனவுக்கு அர்த்தம் சொல்ல யாருமில்லை.

இப்போதெல்லாம் காலையில் அக்காவே எனக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, வேலைக்குக் கிளம்பிவிட்டாயா என்று எதுவும் கிடையாது. "பாப்பா... ஒன் கனவுலயாச்சும் வந்தாரா?"

இல்லக்கா என்கிறேன். சரி என்று வைத்துவிடுகிறார்.

இன்று காலையும் கேட்டார். இன்று காலையும் இல்லை.

வந்தால் லோரியைப் பார்க்கமாட்டேன். முதலில் அவர் காலைத்தான் பார்ப்பேன்.